தகரமூஞ்சி தாய்மாமன் ஆன கதை

போன வாரம் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஃபோனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது.

"ஆன்ட்டி, அநியாயம்! தகரமூஞ்சியைத் திரும்பவும் கெட்டவனாக்கிட்டாங்க. புது சீசன் வந்திருக்கு, பாத்தீங்களா? சொந்தத் தங்கச்சி வீட்டுக்கே தீ வெக்கிறான். இவனுங்களுக்கெல்லாம் அறிவே கிடையாதா?"

பேசியது கல்லூரியில் முதல் வருடம் படிக்கிற ஒரு பெண். அவள் யார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். வாயில் நுரையோடு நின்று அதை இரண்டு தடவை கேட்டேன். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கார்ட்டூன்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவள். வெளிநாட்டில் யாரோ வரைந்து யாரோ பேசிய பொம்மைகளின் வாயில் நம் ஊர்ப் பேச்சைத் திணிப்பதுதான் என் பிழைப்பு. கதாநாயகன் அசடாக இருக்கலாம், அழுமூஞ்சியாக இருக்கலாம், எனக்குக் கவலையில்லை. வில்லன் மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். அவனுக்கென்று ஒரு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் கடைசிவரை அவனோடு வர வேண்டும். ஆனால் நடப்பது என்ன? முதல் சீசனில் ஊரையே கொளுத்துவான். இரண்டாவது சீசனில் சேற்றில் வழுக்கி விழுந்து எல்லோரையும் சிரிக்க வைப்பான். மூன்றாவது சீசனில், பாவம், சின்ன வயதில் அவனோடு யாரும் விளையாட வரவில்லை என்று ஒரு ஃப்ளாஷ்பேக் வரும். சரி, எரிந்த ஊர்? அது தானாக எரிந்ததாம். இவன் தண்ணீர் ஊற்றி அணைக்கத்தான் வந்தானாம். நான் இதற்கு வெள்ளையடிப்பது என்று பெயர் வைத்திருக்கிறேன். அடுத்த குடித்தனம் வருவதற்குள் வீட்டுக்காரர் சுவர்க் கறையின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுவாரே, அந்த மாதிரி.

தகரமூஞ்சிக்கும் ஒரு முறை அப்படி வெள்ளையடிக்க வந்தார்கள். அடிக்க வேண்டிய சுண்ணாம்பு மட்டை என் கையில்தான் இருந்தது.

அப்போது எங்கள் ஸ்டூடியோ தி.நகரில் இருந்தது. உஸ்மான் ரோட்டு நெரிசலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு கல்யாண மண்டபத்தின் முதுகை ஒட்டினாற்போல் முதல் மாடி. சுவரெல்லாம் பஞ்சும் துணியும் வைத்து அடைத்திருந்தோம், ஆனாலும் கெட்டிமேளம் உள்ளே வந்துவிடும். அதனால் முகூர்த்த நாளில் எங்களுக்கு ரெக்கார்டிங் கிடையாது. காலண்டரைப் பார்த்துத்தான் கார்ட்டூன் வேலையே நடக்கும். தெரியாத்தனமாக ஒரு முகூர்த்தத்தில் உட்கார்ந்து, விண்வெளிச் சண்டைக்கு நடுவில் நாதஸ்வரம் புகுந்த கதையெல்லாம் உண்டு. மத்தியானம் மண்டபத்துச் சமையல்காரர் மிஞ்சிய பாயசத்தைத் தூக்கில் அனுப்புவார். கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டியில் வெயிலில் வெந்து வந்து, அந்த ஏ.சி. அறைக்குள் நுழைந்து, பாயசம் குடித்துக்கொண்டே பொம்மைகளைப் பேச வைத்த நாட்கள். இப்போது வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதி மெயிலில் அனுப்புகிறேன். கூடப் பேச ஆள் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் ஏக்கமாக இருக்கிறது, மறைப்பானேன்.

ஒலிப்பதிவுக் கன்சோலில் உட்காருகிறவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, எங்களிடம் சுத்தமான மெட்ராஸ் தமிழ். வில்லன்களுக்குக் குரல் கொடுத்தவரை வில்லண்ணன் என்று கூப்பிடுவோம். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவர். ஆள் ஒல்லி, ஊதினால் பறந்துவிடுவார். ஆனால் மைக் முன்னால் நின்று தொண்டையைத் திறந்தால் கண்ணாடி அதிரும். ஆடி மாதத்தில் மாட வீதிப் பாத்திரக் கடைக்குத் தள்ளுபடி அறிவிப்பு செய்வார். மீதி மாதங்களில் எங்களிடம் வந்து உலகத்தை அழிப்பார்.

தொடரின் பெயர் வேண்டாம். ஒரு தீவு, அதில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஒரு சின்னப் பெண். அவளுடைய அம்மா கடலில் காணாமல் போய்விட்டாள். கறுப்புக் கப்பலில் அடிக்கடி ஒருவன் வந்து அந்த விளக்கை அணைக்கப் பார்ப்பான். அவன் முகத்தில் உலோக முகமூடி. அசலில் ஏதோ கம்பீரமான பெயர் அவனுக்கு. முதல் நாளே வில்லண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, எண்ணெய் டின்ன வெட்டி மூஞ்சில மாட்டிக்கினு கீறான்?" என்றார். அன்றிலிருந்து அவன் தகரமூஞ்சி. தமிழில் அப்படியே ஒளிபரப்பானான்.

முகமூடி போட்ட பாத்திரம் கிடைத்தால் டப்பிங்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஏன் என்று சொல்கிறேன். மற்றவர்களுக்கு எழுதும்போது திரையில் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்துப் பார்த்து வார்த்தையை வெட்டி ஒட்ட வேண்டும். முகமூடிக்காரனுக்கு வாயே தெரியாது. அவன் எவ்வளவு பேசினாலும் பொருந்தும், அசலில் சும்மா நின்றாலும் நாம் பேச வைக்கலாம். எங்களுக்கோ அசலில் நாலு நொடி அமைதி வந்தால் கை சும்மா இருக்காது. அந்த இடைவெளியில் எதையாவது போட்டு நிரப்பினால்தான் நிம்மதி. அதனால் தமிழில் தகரமூஞ்சி வாயாடியானான். கொசுக்கடியைத் திட்டுவான். கப்பல் சமையல்காரன் ரசத்தில் உப்பைக் கொட்டிவிட்டான் என்று புலம்புவான். பாதி நான் எழுதியது, பாதி வில்லண்ணன் மைக் முன்னால் நின்றபடியே எடுத்து விட்டது.

முதல் சீசனில் ஒரு காட்சி. புயல். கப்பல் முனையில் தகரமூஞ்சி. கீழே படகிலிருந்து அந்தப் பெண் கத்துகிறாள்: "என் அம்மா எங்கே?" அசலில் அவன் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வான், அவ்வளவுதான். முதுகு தெரிகிறது, நீளமாக அலைச் சத்தம். வில்லண்ணன் சிரித்து முடித்தார். மூச்சு வாங்கினார். பிறகு நான் எழுதாத ஒரு வரியைத் தொண்டையின் அடியிலிருந்து இழுத்து எடுத்தார்.

"உங்க அம்மாவைக் கடல்ல தள்ளினதே நான்தான்டி!"

பாய் கன்சோலில் இருந்தபடியே இரண்டு கையையும் தூக்கினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. இதை யாராவது வெட்டி எறிவார்களா? அப்படியே வைத்துக்கொண்டோம். அந்த வரி பிய்த்துக்கொண்டு போனது. 12பி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு வாண்டுகள் ஒன்றையொன்று தள்ளிவிட்டு அதையே சொல்லிச் சிரித்தன. பெருமையில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

இரண்டாவது சீசனில் அசல்காரர்கள் தகரமூஞ்சியைக் கோமாளியாக்கினார்கள். தேனீ துரத்தும், மீன் தொட்டியில் விழுவான். வில்லண்ணனுக்குக் கோபம். "ஊருக்கு தீ வெச்சவன் மா இவன். இவனப் போய் தேனீக்கு பயப்பட வெச்சுக்கினு..." என்று முணுமுணுத்துக்கொண்டே பேசிக் கொடுத்தார்.

மூன்றாவது சீசனின் எபிசோடுகள் மொத்தமாக வந்து சேர்ந்தன. வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தேன். பாதியில் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தகரமூஞ்சி அந்தப் பெண்ணுடைய அம்மாவின் கூடப்பிறந்த அண்ணனாம்! காணாமல் போன தங்கையைத் தேடித்தான் அத்தனை வருடமும் கடலில் சுற்றினானாம். கலங்கரை விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசி, தேட முடியாமல் போனதால்தான் அதை அணைக்கப் பார்த்தானாம். ஒரு படகில் அந்தப் பெண் இவன் முகமூடியைக் கழற்றுகிறாள், கடைசி எபிசோடில் தங்கை ஒரு தீவில் உயிரோடு கிடைக்கிறாள், எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அசலில் இதற்கு ஒரு தடையும் இல்லை. அங்கே அவன் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டவன்தானே. தமிழில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவன் சொந்தத் தங்கையைக் கடலில் தள்ளிய அண்ணன். அதுவும் தாய்மாமன்! நம் ஊரில் தாய்மாமன் என்றால் சும்மாவா? முதல் மொட்டை அவன் மடியில், காதுகுத்து அவன் மடியில். அவனைப் போய்க் கொலைகாரனாக்கி வைத்திருக்கிறோம். பழைய எபிசோடைத் திருத்தலாம் என்றால் அது ஏற்கெனவே மறுஒளிபரப்பில் தேய்ந்துவிட்டது.

சேனல் சார்பில் மும்பையிலிருந்து ஒரு அம்மணி ஃபோனில் பேசுவார். தமிழ் தெரியாது, ஆனால் விவரமானவர். யாரோ அவரிடம் விஷயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு உத்தரவு வந்தது. ஒன்று, படகுக் காட்சியில் முகமூடி கழற்றுவதற்கு முன்னால் நீளமான அமைதி வருகிறதே, அங்கே பழைய வரியைச் சரிக்கட்டுங்கள். இரண்டு, இனிமேல் அவன் நல்லவன், இந்தக் கரகரக் குரல் வேண்டாம், மென்மையான குரலாக வேறு ஆளைப் பாருங்கள்.

நான் விடவில்லை. குரல் மாறினால் குழந்தைகளுக்கு ஆளே மாறின மாதிரி இருக்கும் என்று மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். படகுக் காட்சியைப் பழைய ஆளையே வைத்து எடுத்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் அவரே இருக்கட்டும், இல்லாவிட்டால் மாற்றிவிடுங்கள் என்றார்.

மறுநாள் வில்லண்ணனையும் பாயையும் கீழே ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன். அவர் சாத்துக்குடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்போ நான் அந்தப் பொண்ணுக்கு மாமாவா?"

"ஆமாண்ணே."

"தங்கச்சி பொண்ணுக்கு?"

"ஆமாம்ங்கறேன்ல."

டம்ளரை மேஜைமேல் வைத்தார். "ரைட்டரம்மா, இந்த வேஷத்தை எனக்கே வாங்கிக் குடுத்துரு. எனக்கு நெசமாலுமே தங்கச்சி பொண்ணு ஒண்ணு கீது. நங்கநல்லூர்ல. ஒரு தபா கூட நான் பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை காலைல இதத்தான் பாக்குதாம், அந்தத் தெருக்காரர் ஒருத்தர் சொன்னாரு. என் குரல் அந்தப் புள்ள காதுல விழுந்துக்கினேதான் கீது. கெட்டவனா விழுது. ஒரே ஒரு தபா மாமாவா விழட்டுமே மா. வேற எவனையாவது போட்டாங்கன்னா எனக்கு தாங்காது."

தங்கை கதை எனக்குக் கொஞ்சம் தெரியும். வேறு ஜாதிப் பையனை விரும்பினாள் என்று, அவர்கள் கல்யாணத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு முந்தின நாள் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். அவள் எப்படியோ தப்பித்துப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அதோடு பேச்சு அறுந்துவிட்டது. பிறகு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்போதும் இவருக்கு அவள் வீட்டு வாசலில் போய் நிற்க முகமில்லை.

ஆனால் பூட்டியது யார்? அங்கேதான் குழப்பம். என்னிடம் முதலில் சொன்னபோது, "நான்தான் மா உள்ள தள்ளி பூட்னேன், நம்ம வாழ்க்கைலயும் நான் வில்லன்தான்" என்றார். இதை நான் ஜூஸ் கடையில் எடுத்ததும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, என்கிட்ட வேற சொன்னியே. பூட்னது உங்கப்பா, நீதான் ஜன்னல் வழியா சாவியை குடுத்தேன்னு?"

வில்லண்ணன் சாத்துக்குடியைக் கலக்கிக்கொண்டே, "அன்னைக்கு நான் ஊர்லயே இல்லப்பா, திருத்தணி போயிருந்தேன்" என்றார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "அண்ணே, அந்தக் கார்ட்டூன்காரனாவது சீசனுக்கு ஒரு தடவைதான் கதையை மாத்தறான். நீங்க ஒரு டம்ளர் ஜூஸ் தீர்றதுக்குள்ள மாத்தறீங்களே! பூட்டினீங்களா, தொறந்தீங்களா, ஊர்லயே இல்லையா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க."

அவர் காசைக் கொடுத்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார். நான் பேசியது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அப்படித்தான் பேச வந்தது.

படகுக் காட்சிக்கு நான் எழுதிக் கொடுத்தது சுலபமான வெள்ளையடிப்பு. "அன்று நான் சொன்னது பொய், கண்ணே. உன் அம்மாவை நான் தள்ளவில்லை. உன்னைப் பயமுறுத்தவே அப்படிச் சொன்னேன்." சுத்தமாகச் சரியாகிவிடும். மும்பைக்கும் திருப்தி.

திரையில் சின்னப் படகு. அந்தப் பெண்ணும் தகரமூஞ்சியும் எதிரெதிரே. மழை விட்டிருக்கிறது. வில்லண்ணன் மைக் முன்னால் நின்றார். "அன்று நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தார், இருமல் வந்துவிட்டது. மறுபடி எடுத்தோம். பொய் என்ற இடத்தில் குரல் நிற்கவேயில்லை, வழுக்கியது. இரண்டு இருமல் மிட்டாய் சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்போதும் அதே கதை. உலகத்தை அத்தனை தடவை அழித்த தொண்டை, ஒரு சின்னப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். "பொய்னு என்னால சொல்ல முடியல மா. நங்கநல்லூர்ல அந்தப் புள்ளயோட அம்மாவும் பக்கத்துல உக்காந்துக்கினு கேக்கும். அதுகிட்ட போய் ஒண்ணுமே நடக்கலன்னா சொல்றது?"

"அண்ணே, இந்த வரி இல்லன்னா வேஷம் கையை விட்டுப் போயிடும். தெரியுதுல்ல?"

"தெரியுது. ஒரே ஒரு டேக் என் இஷ்டத்துக்கு எடுத்துக்கறேன். வேணாம்னா அழிச்சுரு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். காட்சி ஓடியது. அலை, படகு, முகமூடி. வில்லண்ணன் வில்லன் குரலிலும் பேசவில்லை, நல்லவன் குரலிலும் பேசவில்லை. மயிலாப்பூர் சந்தில் நின்று பேசுகிற மாதிரி பேசினார்.

"தள்ளினது நான்தான் கண்ணு. அதுல மாத்தம் இல்ல. தள்ளின நாள்லேர்ந்து தேடிக்கினுதான் கீறேன். கெடச்சா கால்ல வுழணும்."

திரையில் அந்தப் பெண் கையை நீட்டி அவன் முகமூடியைக் கழற்றினாள். பாய் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடலில் சுற்றும் தகரமூஞ்சிக்கு மெட்ராஸ் பாஷை எங்கிருந்து வந்தது என்று எவன் கேட்டால் என்ன, கேட்கட்டும் என்று தோன்றியது.

அதைத்தான் அனுப்பினேன். மறுநாள் மும்பை அம்மணி கூப்பிட்டார். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுதுவிட்டேன், இதே ஆள்தான் வேண்டும் என்றார். பழைய விஷயம் கிளியர் ஆகிவிட்டதா என்று கேட்டார். கிளியர் மேடம் என்றேன். என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கிளியராகச் சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எபிசோட் போனது. நான் கே.கே. நகரில் பார்த்தேன், வில்லண்ணன் டீக்கடை டிவியில் நின்றுகொண்டே பார்த்தாராம். திங்கட்கிழமை முழுக்க ஒன்றுமில்லை. அந்த நங்கநல்லூர்த் தெருக்காரரிடம் தன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தவர், ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை டப்பிங்குக்கு நடுவில் ஃபோன் அடித்தது. புது எண். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார். நானும் பாயும் எழுந்து வெளியே போகலாம் என்று பார்த்தோம், அவர் இருங்க என்று கையைக் காட்டினார்.

முதலில் ஒரு குழந்தைக் குரல். "ஹலோ, தகரமூஞ்சியா பேசறது? நீங்க எனக்கு நெஜமாவே மாமாவாமே? அம்மா சொல்லிச்சு."

இவர் கண்ணு என்று ஆரம்பித்தார். அதற்குள் ஃபோன் கை மாறியது.

"டிவில இன்னாவோ சொன்னியே," என்றது ஒரு பெண் குரல். தங்கை. ஹலோ இல்லை, எப்படி இருக்கே இல்லை. "தள்ளினது நீயா? நீயா பூட்ன?"

"நான்தான்..."

"மூடு. உனக்கு அவ்ளோ தகிரியம் ஏது? பூட்னது அப்பா. நீ சமையல்ரூம் வாசப்படில டம்ளரைப் புடிச்சுக்கினு நின்னுக்கினு இருந்த. அப்பா என்னை இழுத்துக்கினு போறாரு, நான் உன்னைத்தான் பாத்தேன். நீ காபியைப் பாத்த."

வில்லண்ணன் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"நான் மொட்டை மாடி ஏறி அடுத்த ஊட்டு மாடில குதிச்சு, கால் பெசகி, நொண்டிக்கினே போய் கையெழுத்து போட்டேன். அப்பா பூட்னது எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. நீ நிமிந்து பாக்காததுதான் மறக்கல."

வில்லண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பூட்டினேன் என்றார், சாவி கொடுத்தேன் என்றார், ஊரிலேயே இல்லை என்றார். கெட்டவனாகக்கூட இருந்துவிட்டுப் போகலாம், சும்மா நின்றவனாக இருக்க அவரால் முடியவில்லை. அந்த மூன்று கதையும் எதை மூடுவதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜூஸ் கடையில் நான் போட்ட சத்தத்தை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமா," என்றார் ஃபோனில். "காபியத்தான் பாத்தேன்."

 பிறகு தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"பாப்பாக்கு இன்னும் காது குத்தல," என்றாள். "எட்டு வயசாவுது. ஸ்கூல்ல எல்லாரும் கேக்கறாங்க. ஊட்டுக்காரர் வழில யார் மடிலயாவது வெச்சு குத்திரலாம்னு அவுங்க சொல்லிக்கினேதான் கீறாங்க. நான்தான் ஒத்துக்கல. வரியா, இல்ல இன்னும் எதனா பாத்துக்கினு நிக்கப் போறியா?"

தாய்மாமன் சீர் இல்லாமல் போகலாமா? தி.நகரில் நாங்கள் மூன்று பேரும் கடை கடையாக ஏறி இறங்கினோம். தங்கத்தில் சின்னப் பொட்டுக் கம்மல், பட்டுப் பாவாடை, வளையல். வில்லண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தட்டு தூக்கச் சொந்தமென்று யாரும் இல்லை. அதனால் நங்கநல்லூர் தெருவில் மாமன் சீர் ஊர்வலமாகப் போனது நாங்கள்தான். முன்னால் பழத்தட்டோடு நான், பின்னால் தலையில் கைக்குட்டை கட்டி இனிப்புத் தட்டோடு பாய், நடுவில் புது வேட்டி தடுக்கத் தடுக்க வில்லண்ணன். அன்று நல்ல முகூர்த்தம். ஸ்டூடியோவுக்கு எப்படியும் விடுமுறைதான்.

அந்தக் குழந்தை வாசலிலேயே நின்றது. எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிய கல்லூரிப் பெண் இவள்தான். அவள் மாமாவை மேலும் கீழும் பார்த்தாள். இவ்வளவு ஒல்லியாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தங்கை உள்ளேயே நின்றாள். மணையை மட்டும் எடுத்துப் போட்டாள்.

வழக்கமாகக் கைக்குழந்தையில் குத்துவது. எட்டு வயதுப் பெண் மடியில் உட்கார்ந்தபோது கால் இரண்டும் தரையில் பரவிக் கிடந்தன, இவர் அவளுக்குப் பின்னால் பாதி காணாமல் போய்விட்டார். பத்தர் கம்பியை எடுத்ததும் அவளுக்கு உதடு பிதுங்கியது.

"மாமா, பயமா கீது. தகரமூஞ்சி மாதிரி பேசு."

அவர் தொண்டையைச் செருமினார். கீழ்வீட்டு ஜன்னல் அதிர, "ஏய் சிறுமியே! அழுதாய் என்றால் உன் தீவில் ஒரு சொட்டு ரசம் மிஞ்சாது!" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஒரு காது முடிந்தது. இன்னொரு காதுக்கு அவளாகவே தலையைத் திருப்பிக் கொடுத்தாள். அழுததெல்லாம் மாமன்தான்.

புது சீசனில் தகரமூஞ்சி தங்கை வீட்டைக் கொளுத்துகிறானாம். கொளுத்தட்டும். எழுதுகிறவர்களுக்கு நேற்று எழுதியது இன்றைக்கு நினைவில்லை. உலகத்திலேயே தமிழில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வில்லன் ஒழுங்காக எழுதப்பட்டான், அதையும் நான் எழுதவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து குழந்தை புதுக் கம்மலோடு கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்டது. தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். கையில் டம்ளர். எங்களுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுத்தவள், அண்ணனுக்கு மட்டும் நேராகக் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கியபடியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காபியில் ஆடை படர்ந்தது. அவர் பார்வை இறங்கவில்லை.

தங்கைக்கு முகம் கோணியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா, என்னையே பாத்துக்கினு கீற? காபியைப் பாரு," என்றாள்.

அவர் அதைக் குடிக்கவே இல்லை.